கூடுதல் விலைக்கும் வராத ரீஃபண்டுக்கும் எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது

கடைக்காரர் பாட்டிலில் போட்டிருக்கும் விலையைவிட ஐந்து ரூபாய் கூடக் கேட்கிறார். ஆன்லைனில் வாங்கிய மிக்ஸியைத் திருப்பி அனுப்பி ஒரு மாதமாகியும் பணம் வரவில்லை. கோச்சிங் சென்டர், கட்டிய ஃபீஸ் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது என்று ரசீதிலேயே அச்சடித்து வைத்திருக்கிறது. இதற்கெல்லாம் நம்மில் பெரும்பாலானவர்கள் கொஞ்ச நேரம் சத்தம் போடுகிறோம், அப்புறம் "போகட்டும், இதுக்காகக் கோர்ட்டுக்கா போக முடியும்" என்று விட்டுவிடுகிறோம். விட வேண்டியதே இல்லை. பெரும்பாலான புகார்கள் வீட்டிலிருந்தபடியே, வக்கீல் இல்லாமல், காசு செலவில்லாமல் கொடுக்கக் கூடியவை. புகார்கள் தோற்பதற்கு நான் பார்த்தவரை இரண்டே காரணங்கள்தான். ஒன்று, தப்பான அலுவலகத்துக்குப் போவது. இரண்டு, எல்லாவற்றையும் வாயால் பேசிவிட்டுக் கையில் எழுத்தாக எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது.

இதுவரை ஒரு தடவைகூடப் புகார் கொடுத்திராதவர்களுக்காக, தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அடிப்படைச் சட்டமான 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான். 1986இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் அலுவலகங்களின் பெயர்தான் மாறும்.

உங்கள் பிரச்சினை எந்த வகை?

புகார் எழுத உட்காரும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர்களைத் தண்டிக்க வேண்டுமா, உங்கள் பணம் திரும்ப வேண்டுமா? இரண்டுக்கும் கதவு வேறு. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்ற கடையைப் பிடித்து அபராதம் போடுவது சட்டமுறை எடையளவுத் துறையின் வேலை. ஆனால் அந்த அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வராது. பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் நுகர்வோர் உதவி மையம், அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இது தெரியாமல் எடையளவு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, ரீஃபண்ட் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். விலை அதிகம் என்பதாலேயே அது குற்றமாகிவிடாது. தக்காளி கிலோ நூறு ரூபாய்க்கு விற்றால் யாரிடமும் புகார் கொடுக்க முடியாது, ஏனென்றால் சில்லறையாக எடை போட்டு விற்கும் காய்கறிக்கு எம்.ஆர்.பி. கிடையாது. எடை குறைந்தால் கொடுக்கலாம். பாக்கெட்டில் அச்சடித்த விலை இருந்து அதைத் தாண்டினால் கொடுக்கலாம். அரசு உச்சவிலை நிர்ணயித்திருந்து அதைத் தாண்டினாலும் கொடுக்கலாம். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது முகக்கவசத்தையும் சானிடைசரையும் மத்திய அரசு அத்தியாவசியப் பொருட்கள் பட்டியலில் சேர்த்து, 200 மில்லி சானிடைசருக்கு நூறு ரூபாய், மூன்றடுக்கு முகக்கவசத்துக்குப் பத்து ரூபாய் என்று வரம்பு வைத்தது. அதன் பிறகுதான் கூடுதலாக விற்றவர்களைத் தொட முடிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது சென்னையில் பால் பாக்கெட் அச்சிட்ட விலையைத் தாண்டி விற்றதே, அதற்குப் புதிதாக எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. பாக்கெட்டில் விலை இருக்கிறது, அதற்கு மேல் வாங்கினால் புயலானாலும் வெள்ளமானாலும் சட்டமீறல்தான்.

பில்லை வாங்குங்கள், அன்றைக்கே படம் எடுங்கள்

புகாரின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பில் கேட்டால் "சின்னக் கடைங்க, பில்லெல்லாம் கிடையாது" என்பார்கள். வாங்கிய பொருளுக்கு பில் தர மறுப்பதே 2019 சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஆனாலும் ஐந்து ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்காக நின்று வாதாட எல்லோராலும் முடியாது. அந்த மாதிரி இடத்தில் ஒரு வழி இருக்கிறது: அந்தப் பொருளுக்கு மட்டும் தனியாக யு.பி.ஐ.யில் பணம் போடுங்கள். மற்ற சாமான்களோடு சேர்த்துப் போட்டால் எதற்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று பின்னால் நிரூபிக்க முடியாது. தனியாகப் போட்டால் கடையின் பெயர், தேதி, நேரம், தொகை நான்கும் உங்கள் போனில் பதிவாகிவிடும். அப்புறம் பொருளை ஒரு படம், எம்.ஆர்.பி. அச்சிட்ட இடத்தை நெருக்கமாக ஒரு படம், கடையின் பெயர்ப் பலகையை ஒரு படம். விலைக்குப் பக்கத்திலேயே பேட்ச் எண்ணும் தயாரித்த மாதமும் இருக்கும், அவையும் படத்தில் விழட்டும்.

பில் கொடுத்துவிட்டால் அதை அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் கொடுக்கும் அந்த வழவழப்பான தாள் சூடு பட்டால் கருக்கும், பர்ஸில் வைத்தால் சில மாதத்தில் எழுத்தே தெரியாமல் வெளுத்துப்போகும். வழக்குக்கு வரும் நேரத்தில் கையில் இருப்பது வெற்றுத் தாள்தான்.

ஆன்லைனில் வாங்கியதென்றால் ஆர்டர் எண், இன்வாய்ஸ், டெலிவரி ஆன தேதி, திருப்பி எடுத்துப்போனவர் வந்த தேதி எல்லாம் வேண்டும். விலை உயர்ந்த பொருளென்றால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பெட்டியின் மேலிருக்கும் முகவரி லேபிளில் தொடங்கி, பொருள் வெளியே வரும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக. ஆப்புக்குள் இருக்கும் சாட் பெட்டி மூடியதும் காணாமல் போய்விடுவதுண்டு, அதனால் பேசி முடித்ததும் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். போனில் பேசினால்? பேசி முடித்த அடுத்த பத்து நிமிடத்தில் ஒரு மெயில் போடுங்கள்: "இன்று மதியம் உங்கள் பிரதிநிதி ஐந்து வேலை நாளில் பணம் வரும் என்று சொன்னார், அதைப் பதிவு செய்துகொள்கிறேன்." அவ்வளவுதான். காற்றோடு போன பேச்சு காகிதமாகிவிடும்.

எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால்

பாக்கெட்டில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகப் போட முடியாது. கூலிங் சார்ஜ் என்று போட முடியாது. பஸ் ஸ்டாண்டில் குளிர்பானம் வாங்கினால் "ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கோம்ல, கரண்ட் பில் யார் கட்டுறது" என்று இரண்டு ரூபாய் கூடக் கேட்பது இன்றைக்கும் நடக்கிறது. 2011இன் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி சில்லறை விற்பனையாளர் யாரும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. அதே பொருளுக்கு ஒரு இடத்தில் ஒரு எம்.ஆர்.பி., இன்னொரு இடத்தில் வேறு எம்.ஆர்.பி. என்று அச்சடிப்பதற்கும் 2018 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது.

ஸ்டிக்கரைக் கவனியுங்கள். விலையைக் குறைத்து ஒட்டும் ஸ்டிக்கருக்கு அனுமதி உண்டு, ஆனால் அது பழைய விலையை மறைக்கக் கூடாது. விலையை ஏற்றி ஒட்டியிருந்தாலோ, அச்சு விலையைச் சுரண்டி அழித்திருந்தாலோ அதுவே தனிக் குற்றம். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். அடியில் வேறு எண் தெரிந்தால், பிரிக்காமல் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும் நிலைமை வேறு. தண்ணீர் பாட்டிலுக்கு ஹோட்டல்களும் ரெஸ்டாரண்டுகளும் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே பரிமாறும் சேவையும் சேர்ந்துவிடுகிறது என்பது காரணம். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்காது, ஆனால் அதுதான் சட்டம், அதனால் அங்கே சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அதே ஹோட்டல் பில்லில் உங்களைக் கேட்காமலே சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

சரி, புகார் எங்கே? தமிழ்நாட்டில் சட்டமுறை எடையளவு தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அமலாக்கப் பிரிவின் தொழிலாளர் உதவி ஆணையர் இருப்பார், அவருக்குக் கீழே தராசுகளைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளர்கள் இருப்பார்கள். பலர் இதற்கு போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைகிறார்கள். தேவையில்லை. மேலே சொன்ன படங்களோடு கடையின் முழு முகவரி, வாங்கிய தேதி, நேரம், அச்சிட்ட விலை, வாங்கிய விலை இவற்றை எழுதி அந்த அலுவலகத்தில் நேரிலோ தபாலிலோ கொடுத்தால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக்குப் போகும் ஆய்வாளருக்குக் கடையை அடையாளம் கண்டுபிடிக்க முடிய வேண்டும், அதனால் "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை" என்று எழுதாமல், எத்தனையாவது கடை, எந்த நடைமேடை, எதற்கு எதிரில் என்று எழுதுங்கள். எடைக்குறைவும் இதே அலுவலகம்தான். எலக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்து முத்திரை வாங்க வேண்டும், அதற்கான சான்று கடையில் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மாத்திரைக்கு எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதலாக வாங்கினால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் சொல்லலாம், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் 1800 111 255 என்ற இலவச எண்ணுக்கும் பேசலாம். அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுத்தாலும் விலை அட்டையின் விலைக்கு ஏற்ற விகிதத்தில்தான் இருக்க வேண்டும். ரயிலில், ரயில் நிலையத்தில் என்றால் 139 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பொங்கல், தீபாவளி நேரத்து ஆம்னி பேருந்துக் கட்டணம்தான் சிக்கல்: அரசுப் பேருந்துக்கு இருப்பதுபோல் ஆம்னி பேருந்துக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் கிடையாது, ஒவ்வொரு பண்டிகைக்கும் உரிமையாளர்களைக் கூப்பிட்டுப் பேசி ஒரு தொகையை அறிவிப்பதோடு சரி. இதற்கு ஒரு சட்ட வரம்பு வந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, ஆப் காட்டும் கட்டணத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போக்குவரத்துத் துறையின் 1800 425 6151 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள். பண்டிகைச் சோதனைகளின்போது கூடுதல் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்திருக்கிறார்கள்.

ரீஃபண்ட்: எது உங்கள் உரிமை?

இதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. வாங்கிய சட்டையின் நிறம் வீட்டுக்கு வந்ததும் பிடிக்கவில்லை என்றால், பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. கடை தானாக ஏழு நாள் ரிட்டர்ன் என்று சொல்லியிருந்தால் அந்த வாக்கை அவர்கள் காப்பாற்ற வேண்டும், அவ்வளவே. ஆனால் பொருளில் குறை இருந்தால், சேவையில் குறை இருந்தால், சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் கதை வேறு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் நேரடியாகவே சொல்கிறது. பில்லில் காலவரம்பு போட்டிருந்தால் அதற்குள், போடவில்லை என்றால் முப்பது நாளுக்குள் தர வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் அது சட்டத்துக்கு மேலாகிவிடாது. குறையுள்ள பொருளுக்குக் கிரெடிட் நோட் தருகிறேன், வாலட்டில் பாயின்ட்டாகப் போடுகிறேன் என்றால் பணமாகத்தான் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆன்லைன் நிறுவனங்களுக்கு 2020இன் மின்வணிக விதிகள் தனியாக இருக்கின்றன. ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டிருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பலருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. சாட்டில் தானாகப் பதில் சொல்லும் ரோபோவுடனும் கஸ்டமர் கேருடனும் மல்லுக்கட்டிவிட்டு ஓய்ந்துபோகிறார்கள். ஆப்பின் அடியில், விதிமுறைகள் பக்கத்தில் தேடினால் அந்த மெயில் முகவரி கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். ரீஃபண்டுக்காகத் தவித்துக்கொண்டிருப்பவர்களைப் பிடிக்கவே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணை ஆப்புக்குள்ளிருந்தோ இன்வாய்ஸிலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையில்லை, ஓ.டி.பி. தேவையில்லை, வேறு ஆப் எதையும் இறக்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால் போனை வையுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதம்

குறைதீர் அலுவலருக்கு எழுதும் மெயில் சுருக்கமாக இருக்க வேண்டும். கோபத்தைக் காட்டி இரண்டு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இந்த மாதிரி இருக்கட்டும்:

"ஆர்டர் எண் இது. மார்ச் 3ஆம் தேதி 3,450 ரூபாய் செலுத்தி மிக்ஸி வாங்கினேன். மார்ச் 7 அன்று வந்தது. பெரிய ஜாரின் அடியில் விரிசல், தண்ணீர் ஒழுகுகிறது. படமும் வீடியோவும் இணைத்துள்ளேன். மார்ச் 8 அன்று ரிட்டர்ன் பதிவு செய்தேன், 10ஆம் தேதி உங்கள் ஆள் வந்து எடுத்துப்போனார். இன்றுவரை பணம் வரவில்லை. முழுத் தொகையையும் பணம் செலுத்திய அதே கணக்குக்கு 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தவறினால் நுகர்வோர் உதவி மையத்திலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன்."

தேதி, தொகை, குறை, கோரிக்கை, கெடு. இந்த ஐந்துக்கு மேல் எதுவும் வேண்டாம். கடை என்றால் இதையே கடிதமாக எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆனதற்கான ஆதாரத்தையும் எடுத்து வையுங்கள்.

சில நேரம் ஆப்பில் "ரீஃபண்ட் முடிந்தது" என்று பச்சை டிக் இருக்கும், வங்கிக் கணக்கில் ஒன்றும் இருக்காது. அப்போது ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: பரிவர்த்தனைக் குறிப்பு எண். கார்டு என்றால் ஏ.ஆர்.என்., யு.பி.ஐ. என்றால் ஆர்.ஆர்.என். அல்லது யு.டி.ஆர். என்று சொல்வார்கள். உண்மையிலேயே அனுப்பியிருந்தால் இந்த எண் அவர்களிடம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியும். எண்ணைத் தர மறுத்தால் பணம் அனுப்பப்படவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் தாமதிக்காமல் வங்கியில் டிஸ்ப்யூட், அதாவது அந்தக் கட்டணத்தை மறுக்கும் முறையீடு, பதிவு செய்யுங்கள், அதற்குக் கெடு உண்டு. வங்கியே முப்பது நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

1915

நிறுவனம் மசியவில்லை என்றால் அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி மையம். எண் 1915. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யலாம், அவர்களுடைய இணையதளத்திலும் ஆப்பிலும் மத்திய அரசின் உமங் ஆப்பிலும் பதியலாம். நான் இணையதளத்தில் பதிவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஆவணங்களை நீங்களே இணைக்கலாம், உங்கள் சொற்களிலேயே எழுதலாம். போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் இரண்டு வரியில் சுருக்கிப் பதிவு செய்துவிடுவார், முக்கியமான தேதி விட்டுப்போகும்.

பதிந்ததும் டாக்கெட் எண் என்ற புகார்ப் பதிவு எண் ஒன்று வரும். அதை விடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பல இந்த மையத்தோடு நேரடியாக இணைந்திருக்கின்றன, புகார் அவர்களுடைய சாதாரண கஸ்டமர் கேரைத் தாண்டி வேறு குழுவுக்குப் போகும். அதனால்தான் மாதக்கணக்கில் இழுத்தடித்த ரீஃபண்ட் சில சமயம் இங்கே பதிந்த சில நாளில் வந்து விழுகிறது. கோச்சிங் சென்டரில் கட்டிய பணம்கூட இந்த வழியில் மாணவர்களுக்குத் திரும்பியிருக்கிறது. ஆனால் பல நிறுவனங்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு: "வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டோம், பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதிப் புகாரை முடித்துவிடுவார்கள். அப்படி வந்தால் சும்மா இருக்காதீர்கள், திரும்ப அழைத்து, டாக்கெட் எண்ணைச் சொல்லி, தீரவில்லை என்று பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவும் பின்னால் ஆதாரமாக உதவும்.

1915க்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. இரு தரப்பையும் பேசித் தீர்க்க வைப்பதுதான் அதன் வேலை. இன்னொரு விஷயம், ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு காலவரம்பு இருக்கிறது, 1915இல் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது.

ஒரே நிறுவனம் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இதே மாதிரி செய்கிறது என்றால், உங்கள் பணத்துக்கான புகாரோடு சேர்த்து, நுகர்வோர் அனைவரையும் பாதிக்கும் நடைமுறை என்று மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு கொடுக்கலாம். அந்த மாதிரிப் புகாரை ஆட்சியரிடம் கொடுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணும் கிடைத்துவிடும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையம்

ஆணையம் என்றதும் பயப்பட வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். நீங்கள் கொடுத்த விலை ஐம்பது லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் இரண்டு கோடி வரை மாநில ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019 சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ, சம்பவம் நடந்த இடத்துக்கோ போக வேண்டியிருந்தது. சென்னையில் வடக்கு, தெற்கு என்று தனித்தனி ஆணையங்கள் உண்டு, உங்கள் பகுதி எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனைக்காகவோ வியாபாரத்துக்காகவோ வாங்கிய பொருளுக்கு இங்கே வர முடியாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிய தையல் மெஷினுக்கோ ஆட்டோவுக்கோ வரலாம்.

இப்போது புகார்களை இ-ஜாக்ரிதி என்ற தளத்தில் பதிய வேண்டும், 2025 ஜனவரியில் தொடங்கியது. முன்பு இ-தாக்கில் என்று இருந்தது. போன் எண், மெயில் கொடுத்துக் கணக்கு தொடங்கி, புகாரை பி.டி.எஃப். ஆக ஏற்ற வேண்டும். உள்ளே என்னென்ன வேண்டும்? முதலில் யார் யார் மீது என்ற விவரம். ஆன்லைன் கொள்முதல் என்றால் தளத்தை மட்டும் சேர்க்காதீர்கள், இன்வாய்ஸில் இருக்கும் விற்பனையாளரையும் சேருங்கள், இல்லாவிட்டால் "நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்றது அவர்" என்று தளம் நழுவப் பார்க்கும். அடுத்து தேதிவாரியாக நடந்தது. அப்புறம் புகாரின் முழு விளக்கம், நீங்கள் கேட்கும் நிவாரணம், ஆவணங்கள், சொன்னதெல்லாம் உண்மை என்று நோட்டரி கையெழுத்தோடு ஒரு பிரமாணப் பத்திரம். தேதிவாரிப் பட்டியலில் கவனம் செலுத்துங்கள். விசாரிக்கும் பெஞ்ச் முதலில் பார்ப்பது அதைத்தான், அந்த ஒரு பக்கத்தில் உங்கள் வழக்கு புரிந்துவிட வேண்டும்.

நிவாரணத்தில் பொருளின் விலை, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு நான்கையும் கேளுங்கள். கேட்காததைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். அதே சமயம் 3,450 ரூபாய் மிக்ஸிக்கு இருபது லட்சம் இழப்பீடு கேட்டால் புகாரின் மரியாதை குறைந்துவிடும்.

புகார் ஏற்கப்பட்டதும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். பதில் கொடுக்க அவர்களுக்கு முப்பது நாள், வேண்டுமானால் இன்னும் பதினைந்து நாள், அதற்கு மேல் கிடையாது. நிறைய நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே போன் செய்து சமாதானம் பேசும். பேசுங்கள், ஆனால் பணம் கணக்கில் வரும்வரை புகாரை வாபஸ் வாங்காதீர்கள். சமரச மையத்துக்கும் ஆணையமே அனுப்பலாம். பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் புகார் தள்ளுபடியாகிவிடும், வீடியோ மூலம் ஆஜராக வசதி இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால்

உத்தரவு நகலை வாங்கி, எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பி, உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்துவிடுங்கள். கணக்கு விவரம் இல்லை என்பது அவர்கள் சொல்லும் முதல் சாக்கு. அவர்கள் மேல்முறையீடு செய்ய 45 நாள் இருக்கிறது, ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும். அந்தக் காலமும் கடந்து பணம் வரவில்லை என்றால், உத்தரவை நிறைவேற்றித் தரச் சொல்லி அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே சொத்து ஜப்தி வரை போகலாம். உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 72ஆவது பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவில் மனு போட்டு நோட்டீஸ் போனால் அதுவரை அசையாத நிறுவனமும் செக்கோடு வக்கீலை அனுப்பும். செக்கை வாங்கினால் அது பாஸாகிக் கணக்கில் ஏறிய பிறகு மட்டும் மனுவை முடித்துக்கொள்ளச் சம்மதம் சொல்லுங்கள்.